பிளாக் லிக்கரை யாரும் வீணாகக் கொட்டவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானம் போன்றவற்றில் சேரும் உறுதியான கார்பன் இழையைத் தாவரங்களிலிருந்து தயாரிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படிப்பட்ட விஷயத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் காகித ஆலைகளில் லிக்னின் என்ற தாவரப் பொருள் கழிவாக வீணாகிறது, அதை எடுத்துக்கொண்டால் மூலப்பொருள் இலவசம் என்ற பொருளில் அதில் எழுதியிருந்ததை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. நான் ஒரு காகித ஆலையில் ரசாயனங்களை மீட்கும் ரிகவரி பிரிவில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த லிக்னினை எரித்துத்தான் என் குடும்பம் சாப்பிட்டது. அது கழிவா இல்லையா என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

கரும்புச் சக்கையோ சவுக்கோ தைல மரமோ, எதுவானாலும் காகிதத்துக்கு வேண்டியது அதிலுள்ள செல்லுலோஸ் நார். அந்த நார்களை ஒட்டிப் பிடித்துச் செடியை நிமிர்ந்து நிற்க வைப்பது லிக்னின். சக்கையில் ஐந்தில் ஒரு பங்கு அதுதான். டைஜஸ்டரில் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த வொயிட் லிக்கரை விட்டு, நீராவி அழுத்தத்தில் வேகவைத்தால் லிக்னின் கரைந்து நாரை விட்டுக் கழன்று வரும். கூழைக் கழுவும்போது வடிகிற தண்ணீர் கன்னங்கரேலென்று, சோப்பு போல நுரைத்துக்கொண்டு, சட்டையில் பட்டால் எத்தனை துவைத்தாலும் போகாத வாடையோடு இருக்கும். அதுதான் பிளாக் லிக்கர். மரக்கூழ் ஒரு டன் எடுத்தால், இந்தக் கறுப்புத் தண்ணீரில் ஏறத்தாழ ஒன்றரை டன் திடப்பொருள் கரைந்து வரும். அதில் மூன்றில் ஒரு பங்கு லிக்னின்.

இதை ஆற்றில் விட்ட காலமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சின்ன ஆலைகள் பல அப்படித்தான் கெட்ட பெயர் வாங்கின. ஆனால் பெரிய ஆலை எதிலும் பிளாக் லிக்கரை வெளியே விட்டால் கட்டுப்படி ஆகாது. எவாப்பரேட்டர்களில் வரிசையாக ஏற்றித் தண்ணீரை ஆவியாக்கி, திடப்பொருள் நூற்றுக்கு அறுபது, எழுபது வரும்வரை கெட்டியாக்கி, ரிகவரி பாய்லருக்குள் பீய்ச்சுவோம். லிக்னினும் மற்ற கரிமப் பொருளும் எரிந்து நீராவி கொடுக்கும். எரியாத சோடா உப்புகள் உருகி, ஸ்மெல்ட்டாக உலையின் அடியில் தேங்கி, ஸ்பவுட் வழியாகச் சிவப்பாக வழியும். அது கீழே தொட்டியில் விழும்போது வருகிற இடிச்சத்தத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் முதல் வாரம் துள்ளித் துள்ளி விழுவார்கள். ஸ்பவுட் அடைத்துக்கொண்டால் நீளக் கம்பியை விட்டுக் குத்தி எடுக்க வேண்டும், முகக்கவசத்துக்கு வெளியே காது மடல் சுடும். அந்த ஸ்மெல்ட் கரைந்து கிரீன் லிக்கராகி, சுண்ணாம்பு சேர்த்து மறுபடி வொயிட் லிக்கராகி, டைஜஸ்டருக்கே திரும்பிப் போகும். அந்த நீராவியில் டர்பைன் ஓடும், காகிதம் காயும், மின்சாரமும் வரும்.

ஆக லிக்னின் என்பது அந்த ஆலையின் விறகு. அடுப்பிலிருந்து விறகை உருவினால் அந்த இடத்தில் வேறு எதையாவது வைத்தாக வேண்டும். நம் பக்கம் அது நிலக்கரி, பெரும்பாலும் கப்பலில் வருவது. இன்னொன்றும் உண்டு. லிக்னினை அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் உலையின் அடிப்படுகை சூடு குறைந்து கறுத்துப்போகும், உப்பு சரியாக உருகாது. கறுத்த படுகையை மறுபடி எரிய வைப்பது சாதாரண வேலை இல்லை. ஸ்மெல்ட்டின் மேல் தண்ணீர் பட்டால் பாய்லரே வெடிக்கும் என்பதால், எச்சரிக்கை மணி அடித்தவுடன் போட்டது போட்டபடி எல்லாரும் அந்தத் தளத்தை விட்டு ஓட வேண்டும் என்பது எங்களுக்கு முதல் நாள் பாடம். அப்படிப்பட்ட உலையைத் தொட்டுப் பார்க்கிற காரியத்தை ‘இலவசம்’ என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது.

எங்கள் தெரு முனை டீக்கடையில் கரும்பு போட்டிருக்கிற ஒருவர் அந்தக் கட்டுரையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, “ஏங்க, இனிச் சக்கையில ஏரோப்ளேன் செய்யப் போறாங்களாமே, நம்ம சோகைக்கும் விலை வருங்களா?” என்று கேட்டார். சோகை என்றால் கரும்பின் காய்ந்த இலை. கேட்டதில் தப்பில்லை. ஆனால் சக்கைக்கும் ஏற்கெனவே வேலை இருக்கிறது. சர்க்கரை ஆலை தன் பாய்லரை ஓட்டுவதே சக்கையில்தான். கரூர் காகிதபுரத்தில் தமிழ்நாடு அரசின் காகித ஆலையான டி.என்.பி.எல். தொடங்கியபோது, சர்க்கரை ஆலைகளிடம் சக்கையை வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாக எரிபொருளோ நீராவியோ கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்துதான் காகிதம் தயாரிக்க முடிந்தது. சக்கையில் வரும் பஞ்சு போன்ற பித் கூடப் பாய்லருக்குத்தான் போகிறது. அந்த ஆலை சுண்ணாம்புச் சகதியையும் சாம்பலையும் வைத்துச் சிமெண்ட்டே தயாரிக்கிறது. சும்மா கிடக்கிற பொருள் என்று ஒன்று அங்கே அபூர்வம்.

அதற்காக லிக்னினை எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எடுக்க நியாயமான இடம் ஒன்று உண்டு. பல ஆலைகளில் கூழ் உற்பத்தியைக் கூட்ட முடியாமல் தடுப்பது ரிகவரி பாய்லர்தான். அது ஒரு அளவுக்கு மேல் லிக்கரைத் தாங்காது. புது பாய்லர் கட்ட நூற்றுக்கணக்கான கோடி வேண்டும். அப்படிப்பட்ட ஆலை, கொஞ்சம் லிக்னினைப் பிரித்து எடுத்தால், பழைய பாய்லரிலேயே கூடுதல் கூழ் போடலாம். ஸ்வீடனில் இன்வென்சியா ஆய்வு நிறுவனமும் சால்மர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய லிக்னோபூஸ்ட் முறைக்கு ஆலைகளிடம் மதிப்பு வந்தது இதனால்தான். பிளாக் லிக்கரில் கரியமில வாயுவைச் செலுத்தினால் காரம் குறைந்து லிக்னின் திரிந்து படியும். அதை வடிகட்டி, அமிலத் தண்ணீரில் கலக்கி, மறுபடி வடித்துக் கழுவி எடுப்பார்கள். கரியமில வாயுவை ஆலையின் சுண்ணாம்புச் சூளைப் புகையிலிருந்தே எடுக்க வழி இருக்கிறது. அமெரிக்காவில் வட கரோலினாவின் பிளிமத் நகரில் டோம்டார் ஆலை 2013-லும், பின்லாந்தில் ஸ்டோரா என்சோவின் சுனிலா ஆலை 2015-லும் இந்த முறையில் லிக்னின் எடுக்க ஆரம்பித்தன. சுனிலாவின் திறன் ஆண்டுக்கு 50,000 டன். 2023-ல் அந்தக் கூழ் ஆலையையே மூடிவிட்டார்கள். கூழ் விற்றால்தான் லிக்னின் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த முறையிலும் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும் ஒரு தலைவலி உண்டு. கழுவப் பயன்படுத்தும் கந்தக அமிலம் வடிதண்ணீரோடு சுற்றுக்குள் திரும்பி வரும். சோடாவும் கந்தகமும் ஒரு கணக்கில் இருந்தால்தான் சமையல் ஒழுங்காக நடக்கும். கந்தகம் ஏறினால் எங்காவது வெளியே எடுத்துக் கொட்ட வேண்டும், கூடவே சோடாவும் போகும், அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கட்டுரை எழுதியவர் ஒரு நாள் கெமிக்கல் ரிகவரி கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தால் ‘இலவசம்’ என்று எழுதியிருக்க மாட்டார்.

சரி, லிக்னினை எடுத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அது கார்பன் இழையாகிவிடுமா?

இந்த இழையின் வரலாறு செடியில்தான் தொடங்குகிறது. 1879-ல் எடிசன் பருத்தி நூலைக் கரியாக்கி பல்பில் போட்டார். அடுத்த ஆண்டு மூங்கிலுக்கு மாறினார், பிறகு ஜப்பானின் கியோட்டோ பக்கத்து மூங்கில்தான் அவருக்கு ரொம்ப நாள் எரிந்தது. இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் அதற்கும் முன்பே காகிதத்தைக் கரியாக்கிப் பார்த்தவர். அது வெளிச்சத்துக்கான கரி, வலுவுக்கானதல்ல. 1958-ல் அமெரிக்காவில் யூனியன் கார்பைடின் ஆய்வகத்தில் ரோஜர் பேக்கன் கிராஃபைட் இழைகளின் அசாத்திய வலுவை அளந்து காட்டிய பிறகு, அந்த நிறுவனம் 1960-களில் ரேயானைச் சூட்டில் இழுத்து உறுதியான கார்பன் இழை செய்தது. ரேயான் என்றால் மரக்கூழ்தான். ஆகவே தாவரக் கார்பன் இழை புதுமை என்று எழுதுவது சரியில்லை. பழைய வழியை விட்டுவிட்டுப் பெட்ரோலியத்துக்குப் போனார்கள் என்பதே நடந்தது.

ஏன் போனார்கள்? செல்லுலோஸில் எடைக்கு நூற்றுக்கு 44 பங்குதான் கரி, மீதி ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். சூடேற்றும்போது கரியிலும் ஒரு பகுதி வாயுவாகக் கழன்று போவதால் கடைசியில் கையில் நிற்பது ஐந்தில் ஒரு பங்கு, நன்றாகச் செய்தால் இன்னும் கொஞ்சம். பாலி அக்ரிலோநைட்ரைல் என்ற செயற்கை இழையில் பாதி எடை கரியாக நிற்கிறது. ஜப்பானில் ஒசாகா அரசு ஆய்வகத்தின் அகியோ ஷிண்டோ 1960 வாக்கில் அந்த வழியைத் திறந்தார், 1971-ல் டோரே நிறுவனம் டி300 என்ற இழையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று விமானம், காற்றாலை இறக்கை, மீன்தூண்டில், டென்னிஸ் மட்டை எல்லாவற்றிலும் இருக்கிற இழையில் பெரும்பகுதி அந்த வம்சம். அதன் மூலப்பொருளான அக்ரிலோநைட்ரைல் செய்யப் பெட்ரோலியத்தின் புரொப்பிலீனும் அம்மோனியாவும் வேண்டும். அது தயாராகும்போது ஹைட்ரஜன் சயனைடு பக்கவிளைவாக வருகிறது. மூல இழையின் விலையே கார்பன் இழையின் அடக்கவிலையில் ஏறத்தாழ பாதி. இவ்வளவு இருப்பதால்தான் எல்லாரும் செடியைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த ஆசை நியாயமானது.

ரேயானை முழுசாகக் கைவிட்டார்களா என்றால் இல்லை. ராக்கெட்டின் நெருப்பு வெளியேறும் வாயான நாசிலில் வெப்பத்தை உள்ளே கடத்தாமல் தாங்க ரேயானிலிருந்து வந்த கார்பன் துணி நன்றாக வேலை செய்கிறது. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகளுக்கு அந்த ரேயான் நூலை வர்ஜீனியாவின் ஃபிரண்ட் ராயல் நகரில் இருந்த ஆவ்டெக்ஸ் ஆலை கொடுத்து வந்தது. 1988-ல் ஆலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். நாசாவும் ராணுவமும் பதறிப்போய்ப் பணம் கொடுத்து ஓட வைத்தன. அடுத்த ஆண்டே ஷெனான்டோவா ஆற்றை மாசுபடுத்திய விவகாரத்தில் அது மூடப்பட்டுவிட்டது, அந்த இடத்தைத் துப்புரவு செய்யவே பல ஆண்டுகள் ஆயின. மூலப்பொருள் மரம்தான். ஆனால் மரக்கூழை ரேயானாக்கக் கார்பன் டைசல்பைடும் காஸ்டிக்கும் வேண்டும். பவானிக் கரையில் விஸ்கோஸ் ஆலை இருந்த சிறுமுகைப் பக்கம் இருப்பவர்களிடம் விஸ்கோஸ், அதாவது இந்த ரேயான், என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், ‘தாவரத்திலிருந்து செய்தது, ஆகவே சுத்தம்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

லிக்னினுக்கு வருகிறேன். அதிலே நூற்றுக்கு அறுபதுக்கு மேல் கரி. பதமாகச் சூடேற்றினால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கையில் நிற்கும், செல்லுலோஸைவிட இரண்டு மடங்கு. உருக்கி இழுத்தே நூலாக்கவும் முடியும், கரைப்பான் செலவு மிச்சம். இந்தக் கணக்கு எல்லாருக்கும் பிடித்துப்போகிறது. ஜப்பானின் நிப்பான் கயாகு நிறுவனம் 1960-களின் கடைசியிலேயே கயாகார்பன் என்ற பெயரில் லிக்னின் இழையை விற்றுப் பார்த்து, 1970-களில் நிறுத்திவிட்டது. அதற்கப்புறம் டென்னசியின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் கார்களுக்கு மலிவான இழை வேண்டுமென்று லிக்னினில் பல ஆண்டுகள் உழைத்தது. இழுவலு 1.72 கிகாபாஸ்கல் (வலுவையும் விறைப்பையும் அளக்கும் அலகு), விறைப்பு 172 கிகாபாஸ்கல் வந்தால் காருக்குப் போதும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை வைத்த இலக்கு. டி300-க்கு 3.5-ம் 230-ம். லிக்னின் மட்டும் வைத்துச் செய்த இழைகள் பெரும்பாலும் அரை கிகாபாஸ்கலில் தொடங்கி, ஒன்றைத் தொட்டாலே பெரிது என்ற நிலையில் இருக்கின்றன.

காரணம் எளியது. பாலி அக்ரிலோநைட்ரைல் நீள நீளமான நேர்ச் சங்கிலிகள். இழுத்தால் வரிசையாகப் படிந்து, கரியான பின்னும் அந்த வரிசையில் நிற்கும். லிக்னினுக்கு அப்படி ஒழுங்கான சங்கிலியே கிடையாது, எல்லாப் பக்கமும் கிளைவிட்டு இருக்கும். அதிலிருந்து வலுவான இழை எடுக்கச் சொல்வது சீமைக் கருவேல முள்ளைக் கொடுத்துக் கயிறு திரிக்கச் சொல்வது மாதிரி. போதாததற்கு ஒவ்வொரு செடியின் லிக்னினும் ஒவ்வொரு ஜாதி. பைன், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மர லிக்னின் சீக்கிரம் இறுகும், ஆனால் உருகப் பிடிவாதம் பிடிக்கும். தைலம், சவுக்கு வகை லிக்னின் நன்றாக உருகும், இறுகுவதற்கு மணிக்கணக்காகும். கரும்பு புல் வகை என்பதால் அதன் லிக்னின் மூன்றாவது விதம். ஸ்வீடன்காரர்கள் மரத்தில் எடுத்த முடிவை அப்படியே கரும்புக்குப் பொருத்த முடியாது. நம் ஆலைகளிலோ இன்றைக்குச் சக்கை, நாளைக்குச் சவுக்கு, அப்புறம் தைலம், பல நேரம் எல்லா லிக்கரும் ஒரே எவாப்பரேட்டரில் சேரும். நூல் இழுப்பவருக்குத் தினம் ஒரு மாதிரி சரக்கு போனால் அவர் என்ன செய்வார்?

இதில் என்னைப் போன்றவர்களுக்கு மட்டும் உறைக்கிற சங்கதி சிலிக்கா. சக்கையில் மண்ணும் மணலும் ஒட்டி வருவது ஒரு பக்கம், கரும்பு தன் உடம்பிலேயே சிலிக்காவை வைத்திருக்கிறது. வைக்கோலில் அது இன்னும் அதிகம். காரத்தில் கரைந்து பிளாக் லிக்கரோடு வந்து, எவாப்பரேட்டர் குழாய்க்குள் கண்ணாடி மாதிரி பிடித்துக்கொள்ளும். ஷட் டவுனில் அந்தக் குழாய்களைச் சுரண்டியவர்களுக்குத் தெரியும் அதன் கடினம். கரியமில வாயுவைச் செலுத்தி லிக்னினைப் படிய வைக்கும்போது இந்தச் சிலிக்காவும் கூடவே இறங்கும். கார்பன் இழைக்கு வேண்டிய லிக்னினில் சாம்பல் நூற்றுக்கு 0.1-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். இழையின் விட்டமே பத்து மைக்ரான் அளவு. அதில் ஒரு துளி உப்போ மணல் துகளோ மாட்டினால், ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்றும்போது அந்த இடம் ஓட்டையாகும், இழுத்தால் அங்கேயே அறும். பத்து மைக்ரான் இழைக்குச் சரக்கு தருவதும் பாய்லருக்குச் சரக்கு தருவதும் ஒன்றல்ல. எங்கள் காலத்தில் லிக்கரில் சாம்பல் எவ்வளவு என்று யாரும் இந்தக் கண்ணோடு பார்த்ததில்லை, பார்க்கத் தேவையும் வரவில்லை.

மூன்றாவது ஒரு வழி இருக்கிறது. கட்டுரையில் அதற்கு இரண்டு வரிதான். என் கணிப்பில் முதலில் ஊருக்கு வந்து சேரப்போவது அதுதான். செடியை இழையாக்காமல், செடியின் சர்க்கரையிலிருந்து அதே அக்ரிலோநைட்ரைலைச் செய்வது. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தினர் 2017-ல் ‘சயின்ஸ்’ இதழில் இதை வெளியிட்டார்கள். சர்க்கரையைப் புளிக்க வைத்து எடுக்கக்கூடிய ஹைட்ராக்சி புரொப்பியானிக் அமிலத்தின் எஸ்டரை, மலிவான டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் அம்மோனியாவோடு ஓட்டினால் 98 சதவீதம் அக்ரிலோநைட்ரைல் கிடைக்கிறது, சயனைடு வருவதில்லை. கிளிசரினிலிருந்து செய்யும் முயற்சியும் தனியாக நடக்கிறது. கிடைப்பது அதே மூலக்கூறு என்பதால் நூல் இழுக்கும் எந்திரம், உலை, விமான நிறுவனத்தின் தரச்சான்று எதையும் மாற்ற வேண்டாம். ஷிண்டோவின் கண்டுபிடிப்பிலிருந்து, எடையில் பாதி, இழையை ரெசினில் இறுக்கிய கூட்டுப்பொருளாலான போயிங் 787 பயணிகளை ஏற்றிய 2011 வரைக்கும் ஐம்பது ஆண்டு ஆயிற்று. புது ஜாதி இழை ஒன்று விமானத்தில் ஏற அந்த மாதிரிக் காலம் பிடிக்கும். பழைய இழைக்குப் புது மூலப்பொருள் என்றால் அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் சர்க்கரை வேண்டும் என்றவுடன் வேறு வரிசை ஒன்று நிற்கிறது. நம் நாட்டில் கரும்பையும் மக்காச்சோளத்தையும் எத்தனாலுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஜப்பானின் டெய்ஜின் நிறுவனம் 2023 கடைசியில் உயிர்மப் பொருள், கழிவு இவற்றிலிருந்து வந்ததாகச் சான்று பெற்ற அக்ரிலோநைட்ரைலில் கார்பன் இழை செய்யத் தொடங்கியது. இப்படிப்பட்ட சான்றிதழ்கள் பெரும்பாலும் நிறை சமன் கணக்கில் நடக்கின்றன. அதாவது ஆலைக்குள் தாவர மூலப்பொருளும் பெட்ரோலியமும் ஒரே குழாயில் கலந்தே போகும். உள்ளே போன தாவரப் பங்கு எவ்வளவோ, அவ்வளவு சரக்கைத் ‘தாவர இழை’ என்று கணக்கில் எழுதி விற்பார்கள். ஏமாற்று என்று நான் சொல்லவில்லை, மின்சாரத்திலும் இப்படித்தான் செய்கிறோம். ஆனால் கையில் இருக்கிற அந்த நூல் கரும்பிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டால் அது வேறு. செய்தி எழுதும்போது இதை ஒரு வரி சொல்லிவிடலாம்.

இன்னும் இரண்டு விஷயம் சுருக்கமாக. செடியிலிருந்து வந்தாலும் கார்பன் இழை மக்காது. கரியாகி ரெசினில் இறுகிய பின் அது எந்த மரத்தின் பிள்ளை என்று மண்ணுக்குத் தெரியாது. காற்றாலை இறக்கை ஆயுள் முடிந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கும். முப்பந்தல், கயத்தாறு பக்கம் போகிறவர்கள் பார்க்கிற இறக்கைகளில் பெரும்பாலானவை கண்ணாடி இழை, புதிய நீள இறக்கைகளின் முதுகுத்தண்டில் கார்பன் பட்டை வருகிறது. அடுத்தது, இழையை இறுக்க 200 முதல் 300 டிகிரி, கரியாக்க ஆயிரத்துக்கு மேல், அதுவும் நைட்ரஜன் நிரப்பிய உலையில். அந்த உலை நிலக்கரி மின்சாரத்தில் ஓடினால், மூலப்பொருள் கரும்பானால் என்ன, பெட்ரோலியமானால் என்ன, பாதி நன்மை புகைபோக்கியில் போய்விடும்.

அப்படியென்றால் நம் ஊரில் எங்கே ஆரம்பிப்பது? விமானத்தில் ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தாவரக் கரியை விற்றுப் பழகிய ஊர்தானே நம்முடையது. காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டிக் கரியை ஆக்டிவேட்டட் கார்பனாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள், தண்ணீர் சுத்திகரிப்பிலிருந்து தங்கம் பிரிப்பது வரை அது போகிறது. அந்தக் கரிக்கு இழுவலு தேவையில்லை. லிக்னினுக்கும் அப்படிப்பட்ட வேலைகள் உண்டு. வடிகட்டும் துணிக்கான கார்பன் நார், வெப்பக் காப்பு மெத்தை, பிளைவுட் பசையில் ஃபீனாலுக்குப் பதில், சோடியம் பேட்டரியின் எதிர்முனைக்கான கடினக் கரி. ஸ்டோரா என்சோவே லிக்னினைப் பேட்டரிக் கரியாக்குவதில் காசைப் போட்டது. அதுவும் எளிதாக ஓடவில்லை என்றாலும், லிக்னினின் ஒழுங்கின்மை அங்கே குறையாகாது, உதவியாகவே இருக்கிறது.

அரசுக்கும் ஆலைகளுக்கும் நான் கேட்பது பெரிய திட்டமோ தொழிற்பூங்காவோ அல்ல. தமிழ்நாட்டுக் கூழ் ஆலைகளின் பிளாக் லிக்கரிலிருந்து, சக்கை ஓடும்போது தனியாக, மரம் ஓடும்போது தனியாக, லிக்னினைப் பிரித்து எடுத்து, சாம்பல் எவ்வளவு, சிலிக்கா எவ்வளவு, எத்தனை டிகிரியில் இளகுகிறது, ஒரு பருவத்துக்கும் அடுத்த பருவத்துக்கும் எவ்வளவு மாறுகிறது என்று அளந்து பொதுவில் வெளியிடட்டும். சகாரன்பூரில் காகிதத்துக்கென்றே மத்திய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பெங்களூரு தேசிய விமானவியல் ஆய்வகத்துக்குக் கார்பன் இழை செய்த அனுபவம் இருக்கிறது. கோவையில் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா இருக்கிறது, நூல் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மூன்று பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். ஆலைகள் தயங்கும், லிக்கரின் விவரத்தைத் தொழில் ரகசியம் என்று சொல்லும். அது பொய்யில்லை, லிக்கரின் கணக்கைப் பார்த்தால் அந்த ஆலை எவ்வளவு சோடாவை இழக்கிறது என்று போட்டிக்காரன் கண்டுபிடித்துவிடுவான். ஆலையின் பெயரைப் போடாமல் எண்களை மட்டும் போட்டால் அந்தப் பயமும் இருக்காது.

தங்கள் நிருபர் மறுபடி இதைப் பற்றி எழுதினால், எவ்வளவு லிக்னினை எடுத்தார்கள், அந்த இடத்தில் பாய்லரில் எதை எரித்தார்கள் என்று ஆலைக்காரரிடம் கேட்டு அதையும் போடச் சொல்லுங்கள். டீக்கடை நண்பரிடம் சோகைக்கு இப்போதைக்கு இழை விலை வராது என்று சொல்லிவிட்டேன். “அப்ப எரிக்கிறதா, வேண்டாமா?” என்றார். எரிக்காதீர்கள், தூளாக்கி வரப்பு ஓரமாகவோ பார்களுக்கு இடையிலோ மூடாக்காகப் போடுங்கள், மண்ணில் ஈரம் நிற்கும் என்றேன்.

இப்படிக்கு,
காகித ஆலை ரிகவரி பிரிவில் ஓய்வு பெற்ற வாசகர்,
ஈரோடு